கருவியும் சூழலும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

    

ஆண்டு விழா மேடையில் குறளும் சிலம்பும் முழங்குவதே நம் சங்கத்தின் வழக்கம். புலமை நிரம்பிய அன்பர்கள் பலர் இவ்வவையில் வீற்றிருக்க, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு புகைவண்டி அலுவலகமொன்றில் எழுத்தராகக் காலந்தள்ளும் என்னை, கணிப்பொறி நிரல்களைச் சீர்செய்யும் கருவிகளைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்துவிட்டார். புலமை கருதி அவர் என்னை அழைக்கவில்லை. சென்ற ஆண்டு நம் ஈமச் சடங்கு உதவி நிதியின் கணக்கில் என் கையால் ஒரு பெரும்பிழை நேர்ந்தது. அப்பிழை எவ்வாறு நேர்ந்தது, இனி நேராதிருக்க வழி யாது என்பதை அவையறியச் சொல்வதே முறை என்று அவர் கருதினார். அக்கருத்து நேரிது என்று நானும் இசைந்தேன்.

இதனைத் தங்கவயலில் பேசுவதற்குத் தக்க காரணம் உண்டு. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்குச் சுரங்கப் பணியை மேற்கொண்ட பின்னர், நம் முன்னோர் தமிழ்நாட்டு ஊர்களைத் துறந்து இங்குக் குடியேறினர். 1902-இல் சிவசமுத்திரத்தினின்றும் மின்சாரம் இவ்வூர் வந்து சேர்ந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் நம் பாட்டன்மாரும் தந்தைமாரும் பாறையைத் துளைத்தனர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அப்பொழுது நான் இளைஞன். மறுநாள் காலையில் சங்கு ஊதாதபோதும் என் தந்தையார் அதே நேரத்தில் எழுந்து உட்கார்ந்திருந்த காட்சி இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

இன்று விடியுமுன்னரே நம் பிள்ளைகள் மாரிக்குப்பத்தில் வண்டியேறிப் பெங்களூருக்குச் செல்கின்றனர். அவர்களுள் நிரல் எழுதிப் பிழைப்போர் பலர். அவர்களுள் ஒருவர் ஓய்வு நேரத்தில் எனக்குக் கற்பித்த பைத்தான் மொழியைக் கொண்டே, நம் சங்கத்தின் இரு நிரல்களை எழுதினேன். ஒன்று, உதவி நிதியின் கணக்கு. மற்றொன்று, நூலகத்தின் பட்டியல். ஆகவே இப்பேச்சு நம் வீட்டுப் பேச்சே என்க.

முதற்கண் பைத்தான் என்பது யாதெனச் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்து நாட்டினராகிய கைடோ வான் ராசம் என்பார் 1989-ஆம் ஆண்டின் இறுதியில் இம்மொழியை ஆக்கத் தொடங்கி, 1991-இல் வெளியிட்டார். 2008-இல் இதன் மூன்றாம் பதிப்பு வந்தது. இரண்டாம் பதிப்பில் எழுதிய நிரல்கள் பல மூன்றாம் பதிப்பில் அப்படியே ஓடமாட்டா. ஆதலின் இரு பதிப்புகளும் பல்லாண்டுகள் அருகருகே வாழ்ந்தன. இரண்டாம் பதிப்பின் பராமரிப்பு 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளோடு முடிவுற்றது.

தமிழர்க்கு மூன்றாம் பதிப்பு ஒரு நற்பேற்றை நல்கிற்று. நிரலில் வரும் பெயர்களைத் தமிழெழுத்திலேயே வைக்கலாம். "சந்தா", "உறுப்பினர்", "தொகை" என்றெல்லாம் பெயரிட்டு எழுதினால் பைத்தான் மறுப்பதில்லை. மேலும், முத்து அண்ணாமலை அவர்களும் தோழர்களும் ஆக்கிய ஓப்பன் தமிழ் என்னும் நிரலகம் ஒன்று உண்டு. தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கவும், நம் நெடுங்கணக்கு முறைப்படி வரிசைப்படுத்தவும் அது துணைசெய்யும். கணிப்பொறியின் போக்கிலேயே விட்டுவிட்டால், 'ன' என்னும் எழுத்து நெடுங்கணக்கின் இறுதியில் நில்லாது, 'ந'வை அடுத்து வந்து நின்றுகொள்ளும். உறுப்பினர் பெயர்ப் பட்டியலைச் செவ்வனே அமைக்க வேண்டியே நம் நிதிக் கணக்கு நிரலில் அந்நிரலகத்தைச் சேர்த்திருந்தேன்.

இனி, மறுசீரமைப்பு என்பது யாது? ஒரு நிரலின் வெளிப்பயன் சிறிதும் மாறாதவாறு, அதன் உள்ளமைப்பை மட்டும் செம்மைசெய்வது. தெளிவற்ற பெயரை மாற்றுதல், நீண்டதொரு பகுதியைச் சிறு பகுதிகளாகப் பிரித்தல், ஓரிடத்துள்ளதை வேறோரிடத்திற்குப் பெயர்த்தல் ஆகியவை இதன்பாற்படும். மார்ட்டின் ஃபௌலர் என்பார் 1999-இல் எழுதிய நூல் இத்துறையைப் பரவலாக அறியச் செய்தது. வீட்டில் குடியிருந்துகொண்டே உத்தரத்தை மாற்றும் பணி போன்றது இது. கூரை ஒரு கணமும் இறங்கலாகாது.

இதற்கெனப் பைத்தானில் கருவிகள் பல உள்ளன. ரோப் என்னும் கருவி, ஒரு பெயர் எங்கெங்கு எப்பொருளில் வழங்குகிறது என்பதை ஆராய்ந்து, அப்பொருளுடைய இடங்களில் மட்டும் மாற்றித் தரும். பைலிண்ட் என்பது நிரலைப் படித்து, இல்லாத பெயரை அழைத்திருந்தால் சுட்டிக்காட்டும். பிளாக், ரஃப் ஆகியவை நிரலின் தோற்றத்தை ஒழுங்குபடுத்துவன. ரஃப் சில பிழைகளையும் காட்டும்.

இனி மெய்நிகர் சூழல். இதனைத் தனிச்சூழல் என்றே சொல்லலாம். ஒவ்வொரு நிரலுக்கும் வெவ்வேறு நிரலகங்கள் தேவைப்படும்; ஒரே நிரலகத்தின் வெவ்வேறு பதிப்புகளும் தேவைப்படும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்தால் ஒன்றோடொன்று மோதும். எனவே ஒவ்வொரு நிரலுக்கும் தனியே ஒரு கோப்புறை அமைத்து, அதனுள் பைத்தானுக்கு ஒரு வாயிலும் நிரலகங்களுக்கு ஓர் இடமும் ஒதுக்குகின்றனர். 2012-இல் வெளிவந்த 3.3 பதிப்பு முதல், வென்வ் என்னும் பெயரில் இவ்வசதி பைத்தானோடு உடன்வருகிறது. ஒரு சூழலில் நிறுவியது மற்றொரு சூழலுக்குத் தெரியாது. அதுவே அதன் நன்மை. நான் இடறி வீழ்ந்த இடமும் அதுவே.

புகைவண்டித் துறையினன் ஆதலின் நானறிந்த உவமையொன்று சொல்கிறேன். பங்காரப்பேட்டையினின்று நம் ஊருக்கு வருவது அகலப்பாதை. அதே பங்காரப்பேட்டையினின்று கோலார் வழியே சிக்கபள்ளாப்பூர் செல்லும் பாதையோ, முன்னாளில் இரண்டரை அடி அகலமே உடைய குறும்பாதையாக இருந்து, பிற்காலத்தில் அகலப்பாதையாக மாற்றப்பட்டது. நிலையம் ஒன்றாயினும் பாதை இரண்டு. அகலப்பாதைக்குரிய சக்கரத்தைக் குறும்பாதையில் ஏற்ற இயலுமோ? என் கணிப்பொறி ஒன்றே. அதனுள் சூழல்கள் இரண்டு. இவ்வுண்மையை நான் மறந்தேன்.

நிகழ்ந்ததைச் சொல்கிறேன். ரோப், பைலிண்ட் ஆகிய இரு கருவிகளையும் நூலகப் பட்டியலின் சூழலில் மட்டும் நிறுவியிருந்தேன். கணிப்பொறியில் உள்ளது, ஆகவே எங்கும் இருக்கும் என்பது என் எண்ணம். நிதிக் கணக்கு நிரலில் "தொகை" என்றொரு செயற்பகுதி இருந்தது. சந்தாத் தொகையா, உதவித் தொகையா என்று படிப்போர் மயங்குவர் என்று கருதி, அதனைச் "சந்தாத்தொகை" எனப் பெயர்மாற்ற முனைந்தேன். நோக்கம் நல்லதே. பெயர்மாற்றும் கட்டளையைக் கொடுத்ததும், இச்சூழலில் ரோப் இல்லை என்று கணிப்பொறி விடைதந்தது. அவ்விடத்தில் நின்று அதனை நிறுவி ஆராய்ந்திருக்க வேண்டும். நானோ இரவு வண்டிக்குப் பணிக்குச் செல்லும் அவசரத்தில், எழுத்தைத் தேடி எழுத்தை மாற்றும் எளிய முறையைக் கைக்கொண்டேன்.

முதலில், "உதவித்தொகை" என்பது "உதவித்சந்தாத்தொகை" என்று கோரமாக மாறி நின்றது. அதனைக் கண்டு திருத்தினேன். திருத்திவிட்டோம் என்ற அந்த நிறைவே என் கண்ணை மறைத்தது.

மறைந்து நின்ற பிழை வேறு. தமிழில் ஒகர உயிர்மெய்யின் குறியைக் கணிப்பொறியில் இரு வகையாகப் பதியலாம். ஒற்றைக் குறியாகவும் பதியலாம். எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைத்தானும் பெயர்களைப் படிக்கும்போது இரண்டையும் ஒருமைப்படுத்தி ஒன்றாகவே கொள்ளும். ஆனால் நான் பயன்படுத்திய தேடும் முறையோ அவற்றை வெவ்வேறாகவே கண்டது. வெளியூர் உறுப்பினர் கணக்குக்குரிய கோப்பை எழுதித் தந்த தம்பி வேறொரு தட்டச்சு முறையைக் கையாண்டிருந்தார். அவர் கோப்பில் வந்த "தொகை" என் தேடலுக்கு அகப்படவே இல்லை. செயற்பகுதியின் பெயர் மாறிவிட்டது. அதனை அழைக்கும் பெயர் மாறவில்லை.

அப்படியாயின் நிரல் அங்கேயே நின்று கூக்குரலிட்டிருக்க வேண்டுமன்றோ? இடுவதற்கு நான் விடவில்லை. பிழை எது நேரினும் சுழியம் என்று கொண்டு மேலே செல்க என்றொரு வரியை முன்னரே எழுதிவைத்திருந்தேன். அறிவிப்பு மணியின் நாவைக் கழற்றி வைத்தவனுக்கு ஓசை எங்ஙனம் கேட்கும்? வெளியூர் உறுப்பினர் அனைவரும் ஒரு காசும் செலுத்தாதவர்களாகப் பட்டியலில் ஏறினர்.

அவ்வெளியூர் உறுப்பினர் யாவர் என்பதை நீங்கள் அறிவீர்கள். சுரங்கம் மூடிய பின்னர்ச் சொந்த ஊருக்குத் திரும்பியும், நம் சங்கத்தை மறவாது திங்கள்தோறும் சந்தா அனுப்பிவரும் முதியவர்கள். அவர்களுள் ஒருவர் காலமானார். உதவி கேட்டு வீட்டார் எழுதினர். அச்சிட்ட பட்டியலைப் பார்த்த நாங்கள், நிலுவை உள்ளது என்று விடை எழுதினோம். பதினொரு நாள்கள் கழித்துப் பொருளாளர் தம் கையெழுத்துப் பேரேட்டைப் புரட்டியபோதுதான், அப்பெரியவர் ஒரு மாதமும் தவறாது செலுத்தியிருந்தது வெளிப்பட்டது. அதற்குள் அவ்வீட்டார் கடன் வாங்கிக் காரியங்களை முடித்துவிட்டனர். பணத்தோடு நான் நேரிற் சென்றேன். அவ்வம்மையார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "சங்கத்துக் கணக்கில் எங்க வீட்டுக்காரர் பாக்கிக்காரரா இருந்துட்டாரேன்னுதான் தம்பி மனசு கேக்கலை" என்று மட்டும் சொன்னார். அச்சொல்லுக்கு என்னிடம் விடையில்லை.

அன்பர்களே, கருவி அச்சூழலில் இருந்திருப்பின் என்னாகியிருக்கும்? பெயர்மாற்றம் முடிந்தபின் பைலிண்டை ஒருமுறை ஓட்டியிருந்தால், இப்பெயருடைய செயற்பகுதி இல்லை என்று அந்த வரியையே சுட்டியிருக்கும். எல்லாப் பிழையையும் விழுங்கும் என் வரியையும் சேர்த்தே கண்டித்திருக்கும். ஆகவே பல சூழல்களுக்கு இக்கருவிகளை எவ்வாறு அமைப்பது என்று பின்னர் முறையாகக் கற்றேன். கற்றவற்றை ஆறு கூறுகளாகச் சொல்கிறேன்.

முதலாவது, கருவிகளை இரு வகையாகப் பிரித்துக்கொள்க. நிரலின் எழுத்தை மட்டும் படித்து வேலை செய்வன ஒரு வகை. பிளாக், ரஃப் ஆகியவை இத்தகையன. நிரல் சார்ந்திருக்கும் நிரலகங்களையும் கண்டு பொருளறிய வேண்டுவன மற்றொரு வகை. பைலிண்ட், ரோப், மைபை முதலியன இத்தகையன. முன்னவற்றுக்குச் சூழல் ஒரு பொருட்டன்று. பின்னவற்றுக்கு அதுவே கண்.

இரண்டாவது, முதல் வகைக் கருவிகளைக் கணிப்பொறிக்கு ஒருமுறை நிறுவினால் போதும். பிப்-எக்ஸ் என்னும் துணைக்கருவி, ஒவ்வொரு கருவிக்கும் தனியொரு சூழல் அமைத்து, எங்கிருந்தும் அழைக்குமாறு வழிசெய்கிறது. கணிப்பொறியின் பொதுப் பைத்தானில் நேரே நிறுவ முயலற்க. 2023-இல் வெளிவந்த டெபியன் 12 முதலிய அமைப்புகள் அதனைத் தடுத்தே விடுகின்றன. அத்தடையை வலிந்து தாண்டுவோர், அமைப்பு தன் பணிக்கென வைத்திருக்கும் பைத்தானைக் கெடுத்துக்கொள்வர். ஒன்று நினைவிற்கொள்க: பிளாக் தன் திருத்தத்தால் பொருள் மாறவில்லை என்பதைச் சோதிக்கத் தான் ஓடும் பைத்தானையே நம்புகிறது. நிரல் புதிய பதிப்பின் இலக்கணத்தில் இருக்க, கருவி பழைய பைத்தானில் ஓடினால் அச்சோதனை தடைப்படும்.

மூன்றாவது, இரண்டாம் வகைக் கருவிகளை ஒவ்வொரு சூழலிலும் நிறுவுக. பைலிண்டை வெளியே வைத்து ஓட்டினால், ஓப்பன் தமிழ் எங்கே என்று அது முறையிடும். அம்முறையீட்டை அடக்கப் புகுவோர், மெய்யான பிழையையும் சேர்த்து அடக்கிவிடுவர். மைபைக்கு மட்டும், இன்ன சூழலின் பைத்தானைப் பார் என்று வெளியிலிருந்தே காட்டும் வசதி உண்டு. ஒரு சூழலுக்குள் இருப்பதாக எண்ணி மற்றொன்றுக்குள் நிறுவிவிடாதிருக்க, அச்சூழலின் கோப்புறைக்குள் இருக்கும் பைத்தானையே முழு முகவரி கூறி அழைத்து, அதன் வாயிலாகப் பிப்பை இயக்குக. சூழலை இயக்கிவைத்தல் என்பது, கட்டளைகளைத் தேடும் வழியில் அக்கோப்புறையை முன்னிறுத்துவதே அன்றி வேறு மாயமன்று.

நான்காவது, ஒவ்வொரு நிரலின் கோப்புறையிலும், ஆக்கப் பணிக்குத் தேவையான கருவிகளின் பட்டியலைப் பதிப்பெண்ணோடு எழுதிவைக்க. இன்றைய பதிப்பு நாளை மாறும். ஒருவர் கணிப்பொறியில் ஒரு பதிப்பும் மற்றவரிடம் வேறு பதிப்பும் இருந்தால், அவர் ஒழுங்குபடுத்தியதை இவர் கருவி மீண்டும் கலைக்கும். கருவிகளும் என்றென்றும் நிலைப்பனவல்ல. இரண்டாம் பதிப்பினின்று மூன்றாவதற்கு மாற்றித் தந்த பழைய கருவியின் அடிப்படை நிரலகம், 2024-இல் வந்த 3.13 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. சூழலைக் கோப்புறையோடு இடம்பெயர்க்கவும் முயலற்க. அதனுள் பழைய முகவரிகள் பொறிக்கப்பட்டிருக்கும். பட்டியல் இருந்தால் புதிதாக அமைப்பது எளிது.

ஐந்தாவது, மாற்றுமுன் பழைய நிலையைக் கிட் என்னும் பதிவேட்டில் சேர்த்துவைக்க. மாற்றுமுன் ஒருமுறை நிரலை ஓட்டி விடையை எடுத்துவைத்து, மாற்றியபின் ஓட்டிய விடையோடு ஒப்பிடுக. மறுசீரமைப்பு என்றால் வெளிப்பயன் மாறலாகாது; ஒரு ரூபாய் வேறுபட்டாலும் அது சீரமைப்பன்று. எங்கள் துறையில், முன்னுள்ள நிலையத்தார் பாதை காலி என்று உறுதி தந்தாலன்றி வண்டியை விடுவதில்லை. இவ்வொப்பீடே நிரலுக்குரிய அவ்வுறுதி.

ஆறாவது, தமிழில் பெயரிடுவோர் எல்லாக் கோப்புகளையும் முதலில் ஒரே பதிவு முறைக்குக் கொண்டுவருக. பைத்தானோடு உடன்வரும் யூனிகோடு பகுதியாலேயே அதனைச் செய்யலாம். அதன் பின்னரே பெயர்மாற்றக் கருவியைக் கையிலெடுக்க. மேற்கோட்குறிக்குள் நிற்கும் தலைப்புகளும் தரவுக் கோப்பிலுள்ள சொற்களும் நிரலின் பெயர்களல்ல. அவற்றை மனிதக் கண்ணே பார்த்தாக வேண்டும்.

இவ்வாறே இப்பொழுது நம் இரு நிரல்களும் அமைந்துள்ளன. பிழையை விழுங்கும் அவ்வரியை அழித்துவிட்டேன். இனி ஐயம் எழுந்தால் நிரல் நிற்கும்; நின்று காரணம் சொல்லும்.

முடிக்குமுன் இரு வேண்டுகோள்கள். கணிப்பொறி வந்துவிட்டது என்று பொருளாளரின் கையெழுத்துப் பேரேட்டைக் கைவிட வேண்டா. அன்று உண்மையைக் காத்தது அதுவே. மற்றொன்று நம் பிள்ளைகளுக்கு. நாள்தோறும் பல மணி நேரம் வண்டியில் கழிக்கும் உங்களிடம் மிகுதியாகக் கேட்க நாவெழவில்லை. எனினும் திங்களில் ஒரு ஞாயிறு நம் நூலகத்தில் அமர்ந்து, இரு நிரல்களையும் படித்துப் பிழை காட்டுங்கள். நான் எழுதியதை நானே சோதிப்பது போதாது என்பதை விலைகொடுத்துக் கற்றேன். விலையைக் கொடுத்தது நானல்லேன். கைம்மையுற்ற ஒரு தாய்.

சுரங்கத்தில் இறங்குவோர் எத்தனை பேர், ஏறியவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பதே முறைமை என என் தந்தையார் சொல்வார். நம் கணக்கிலும் ஒருவர் பெயரும் விடுபடாது எண்ணிப் பார்ப்போமாக.